ஒரு சொல்லின் குடும்பம்

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகள் நீண்ட சொற்களைக் கண்டே அஞ்சுகின்றனர். பன்னிரண்டு எழுத்துகள் கொண்ட சொல் ஒன்று பாடத்தில் வந்துவிட்டால் அதனைப் பலமுறை எழுதிப் பார்த்து, எழுத்துப் பிழை நேராதிருக்க உருப்போடுகின்றனர். உண்மையை நோக்கினால் அந்த நெடுஞ்சொற்கள் சாதுவானவை. 'ரெஃப்ரிஜிரேட்டர்' என்பதற்குப் பொருள் ஒன்றே. ஒருமுறை அறிந்துகொண்டால் வாழ்நாள் முழுவதும் அது நம்மை ஏமாற்றுவதில்லை. ஏமாற்றுபவை மூன்று எழுத்திலும் நான்கு எழுத்திலும் அமைந்த பழைய சிறு சொற்களே. 1989-ஆம் ஆண்டில் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், மிகுதியான இடத்தைப் பிடித்துக்கொண்ட சொல் 'செட்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லாகும். அதன்பின் நடந்துவந்த திருத்தப் பணியில் 'ரன்' என்னும் மற்றொரு மூன்றெழுத்துச் சொல் வினையாக மட்டும் 645 பொருள்களைக் காட்டி அதனை முந்திவிட்டது.

அவ்வகைச் சொற்களுள் ஒன்றை இம்மாதம் எடுத்துக்கொண்டு ஆராய்வோம். அது 'ஃபாஸ்ட்' என்னும் நான்கெழுத்துச் சொல். பொருள்களின் எண்ணிக்கையில் மேற்கூறிய இரண்டுக்கும் அது மிகவும் பின்தங்கியதுதான். ஆயினும் ஒன்றுக்கொன்று நேர் மாறான பொருள்களை ஒரே கூரையின்கீழ் வைத்துக் குடித்தனம் நடத்துவதில் அதற்கு இணையான சொற்கள் சிலவே.

இச்சொல் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. பம்பாயில் குடியேறிய நம்மவர்க்கு 'ஃபாஸ்ட் லோக்கல்', 'ஸ்லோ லோக்கல்' என்ற சொற்கள் அன்றாடச் சோறு போன்றவை. கிரிக்கெட் பார்க்கும் சிறுவர் ஃபாஸ்ட் பௌலரைப் பற்றிப் பேசுகின்றனர். சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் ஃபாஸ்ட் என்கிறோம். துணிக்கடையில் சேலையின் நிறம் ஃபாஸ்ட் கலர்தானா என்று கேட்கிறோம். பள்ளிக் கட்டுரையில் பிள்ளை தன் உற்ற தோழனை 'ஃபாஸ்ட் ஃபிரெண்டு' என்று எழுதுகிறான். குழந்தை அயர்ந்து உறங்கினால் அது 'ஃபாஸ்ட் அஸ்லீப்'. இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிக்கும் நிலையத்தார் 'ஃபாஸ்டிங்' என்று சீட்டில் எழுதித் தருகின்றனர். விரைவு, நிலைபேறு, நட்பு, உறக்கம், உண்ணாமை ஆகிய இத்தனையும் ஒரே சொல்லில் எவ்வாறு அடங்கின?

இவ்வினா வெறும் பொழுதுபோக்கிற்கு உரியதன்று. பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நம் குடும்பங்களில், பெரியவர்க்கும் வெளியுலகிற்கும் இடையே பாலமாய் நிற்பவர் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளே. ஊரிலிருந்து வந்த பாட்டியை மருத்துவச் சோதனைக்கு அழைத்துச் செல்பவள் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி என்று வைத்துக்கொள்வோம். 'நாளைக் காலை ஃபாஸ்டிங்கில் வரவேண்டும்' என்று அங்கே கூறுகின்றனர். பேத்திக்குத் தெரிந்த 'ஃபாஸ்ட்' ஒன்றுதான். 'பாட்டி, காலையில் சீக்கிரமாக வரச் சொல்கிறார்கள்' என்கிறாள். பாட்டியும் வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, சர்க்கரை இட்ட காபியை அருந்திவிட்டு, ஆறு மணிக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார். குறைந்தது 8 மணி நேரம் தண்ணீரன்றி வேறெதுவும் உட்கொள்ளாதிருந்து செய்யவேண்டிய சோதனை அது. தாளில் ஏறும் எண் தவறாகிறது. அந்த எண்ணை நம்பி மருந்தின் அளவும் தவறக்கூடும். சொல்லின் ஒரு முகத்தை மட்டும் அறிந்திருப்பதால் வரும் கேடு இத்தகையது.

வேரில் இருப்பது உறுதியே

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு விரைவு என்ற பொருள் இல்லை. 'அசையாதது, இறுகப் பற்றியது, உறுதியானது' என்பதே அதன் பொருள். அதன் உறவு மொழிகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. ஜெர்மன் மொழியின் 'ஃபெஸ்ட்' என்ற சொல் இன்றும் உறுதியானதையே குறிக்கிறது. நார்வே நாட்டு மொழியில் 'ஃபாஸ்ட்' என்றே எழுதப்படும் சொல்லுக்கும் 'நிலையானது' என்பதே பொருள். ஆங்கிலம் மட்டுமே அச்சொல்லை ஓட்டப் பந்தயத்திற்கு அனுப்பிவைத்தது.

இந்த வேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டால் மேலே கண்ட புதிர்களுள் பாதி தாமே அவிழ்ந்துவிடுகின்றன. சட்டைப் பொத்தானை மாட்டுவதும், விமானத்தில் இடுப்பு வாரைப் பூட்டுவதும் ஆங்கிலத்தில் 'ஃபாஸன்' எனப்படும், அஃதாவது உறுதியாக்குதல். கொள்கையில் பிறழாதவன் 'ஸ்டெட்ஃபாஸ்ட்'. தான் நின்ற இடத்திலேயே உறுதியாய் நிற்பவன். பகைவர் எளிதில் புக முடியாத அரண் 'ஃபாஸ்ட்னெஸ்' ஆகும். கப்பலைத் துறையில் கயிற்றால் பிணிப்பதற்கு மாலுமிகள் இச்சொல்லையே ஆள்கின்றனர். உற்ற நண்பனின் நட்பு இறுகிய நட்பு. ஆகவே அவன் ஃபாஸ்ட் ஃபிரெண்டு. அயர்ந்து உறங்கும் குழந்தை உறக்கத்தின் பிடியில் இறுக அகப்பட்டிருக்கிறது, தட்டினாலும் விடுபடுவதில்லை.

வெட்கமுற்றவனை ஆங்கிலேயர் 'ஷேம்ஃபேஸ்ட்' என்கின்றனர். இதில் 'ஃபேஸ்', அஃதாவது முகம், இருப்பதாகத் தோன்றுகிறதன்றோ? பழைய வடிவம் 'ஷேம்ஃபாஸ்ட்' என்பதே. நாணத்தால் கட்டுண்டவன் என்பது அதன் பொருள். 'ஃபாஸ்ட்' என்பதன் பழைய பொருளை மக்கள் மறந்தபின், நாணம் முகத்தில்தானே தெரிகிறது என்று எண்ணி, 16-ஆம் நூற்றாண்டில் சொல்லையே மாற்றிவிட்டனர். பொருள் மறந்தால் சொல்லும் உருமாறும் என்பதற்கு இஃதொரு நல்ல சான்று.

சாயமும் கிருமியும்

துணியின் நிறத்திற்கு வருவோம். நீரில் நனைத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் நூலை விட்டு நீங்காத நிறமே 'ஃபாஸ்ட் கலர்'. இதனை நம் நெசவாளர் 'கெட்டிச் சாயம்' என்பர். ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் இங்கே ஒரே நோக்கில் பிறந்திருப்பது காண்க. திருப்பூரிலிருந்து பின்னலாடை வெளிநாடு செல்லுமுன், சாயத்தின் உறுதியை ஆய்வுக்கூடங்களில் அளந்து மதிப்பெண் இடுகின்றனர். சலவையைத் தாங்கும் தன்மைக்கு 1 முதல் 5 வரையிலும், ஒளியைத் தாங்கும் தன்மைக்கு 1 முதல் 8 வரையிலும் படிகள் உண்டு. அங்கே ஒரு துணி 'ஃபாஸ்ட்' என்று தேறினால், அதன் சாயம் ஓடாமல் நிற்கிறது என்று பொருள். ஓடுவதற்கும் ஓடாமைக்கும் ஒரே சொல்!

இதற்கு மாறான வரலாறும் நம் மண்ணிலிருந்தே சென்றது. சென்னைப் பகுதியில் நெய்யப்பட்ட கட்டம் போட்ட பருத்தித் துணி 1960-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றது. அதன் சாயம் கெட்டியானதன்று. ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கின. வணிகர்கள் அக்குறையையே குணமாக்கி, சாயம் கட்டாயம் கசியும் என்று உறுதி கூறி விளம்பரம் செய்தனர். 'பிளீடிங் மதராஸ்' என்பது அத்துணிக்கு நிலைத்த பெயராயிற்று. நம் நாட்டில் சாயம் வெளுத்தது என்றால் இழிவு; அங்கே அது நாகரிகமாயிற்று.

மருத்துவமனைத் தாள்களில் இச்சொல் மற்றொரு வடிவில் வருகிறது. காசநோய்க்காகச் சளியைச் சோதிக்கும்போது 'ஆசிட் ஃபாஸ்ட்' கிருமி உண்டா என்று பார்க்கின்றனர். இதனைக் கண்டு 'வேகமாய்ப் பரவும் கிருமி' என்று நடுங்குவோர் உளர். சாயப்பட்டறையின் பொருள்தான் இங்கும் உள்ளது. கண்ணாடிச் சில்லில் தடவிய சளிக்குச் சாயமேற்றி, பின்பு அமிலத்தால் கழுவுவர். ஏனைய கிருமிகள் சாயத்தை விட்டுவிடும். காசநோய்க் கிருமி விடாது. அமிலத்திற்கும் அசையாமல் சாயத்தைப் பற்றிக்கொள்வதால் அதற்கு அப்பெயர். வேகத்தைப் பார்த்தாலோ, 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் கோக் கண்டறிந்த அக்கிருமி மிகமிக மந்தமானது. நம் குடலில் வாழும் சாதாரண நுண்ணுயிர் தக்க சூழலில் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கோ அதற்கு ஏறத்தாழ ஒரு முழு நாள் வேண்டும். அதனாலேயே அதனை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. 'ஃபாஸ்ட்' என்ற அடைமொழி பூண்ட கிருமி நத்தை நடை நடக்கிறது!

நின்றது ஓடியது எவ்வாறு?

அங்ஙனமாயின் விரைவு என்னும் பொருள் எவ்வழியே புகுந்தது? இறுகப் பற்றுதல் என்பதற்குள் வலிமையும் முனைப்பும் அடங்கியுள்ளன. ஒருவன் தளராமல், விடாமல், முழுவலியோடு ஒரு செயலைச் செய்தால் அதனை 'உறுதியாகச் செய்தான்' என்று கூறுதல் இயல்பு. உறுதியாக அடித்தான், உறுதியாகப் போரிட்டான் என்று வழங்கிய வாய், உறுதியாக ஓடினான் என்றும் கூறிற்று. ஓட்டத்தில் உறுதியாவது யாது? முன்னே செல்பவனை விடாமல் ஒட்டித் தொடர்தல். ஒட்டித் தொடர வேண்டுமாயின் விரைந்தே ஆகவேண்டும். இவ்வாறு 13-ஆம் நூற்றாண்டையொட்டி வினையடையாய்த் தோன்றிய விரைவுப் பொருள், 16-ஆம் நூற்றாண்டில் பெயரடையாகவும் நிலைபெற்றுவிட்டது.

இது நமக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் நம் வாய்மொழியைச் சற்றுக் கவனித்தால் வியப்பு நீங்கும். 'திருடன் ஓட்டம் பிடித்தான்' என்கிறோம்; பிடித்தல் நிறுத்துவதற்கு உரிய சொல்லன்றோ? 'வண்டி வேகம் பிடித்தது' என்கிறோம். 'அவன் நடையைக் கட்டினான்' என்கிறோம், கட்டுண்டது நகருமோ? பிடித்தலும் கட்டுதலும் முனைப்பைக் குறிக்கும்போது ஓட்டத்திற்கும் துணை வருகின்றன. ஆங்கிலேயர் நெஞ்சில் தோன்றிய கருத்தே நம் நெஞ்சிலும் தோன்றியிருக்கிறது.

விரைவுப் பொருள் வேர்கொண்டபின் அதிலிருந்து கிளைகள் பல பிரிந்தன. உரிய நேரத்தை முந்திக் காட்டும் கடிகாரம் ஃபாஸ்ட். கட்டுப்பாடின்றி இன்ப நாட்டத்தில் திளைப்பவரின் வாழ்வும் 18-ஆம் நூற்றாண்டில் ஃபாஸ்ட் என்னும் பெயர் பெற்றது. அடக்கத்தைக் குறிக்கப் பிறந்த சொல் அடங்காமையைக் குறிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அதற்கும் முன்னர், 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'ஃபாஸ்ட் அண்ட் லூஸ்' என்றோர் ஏமாற்று விளையாட்டு நடந்துவந்தது. மடித்து வைத்த வாரின் மடிப்பில் குச்சியைச் செருகி, வார் சிக்கிக்கொண்டதென்று பார்ப்பவன் பணயம் கட்டுவான். சூதன் ஒரு நுனியை இழுத்தவுடன் வார் நழுவி வந்துவிடும். சிக்கியது போலவும் சிக்காதது போலவும் காட்டும் அந்த வித்தையிலிருந்தே, வாக்கில் நிலையின்றி நடப்பவரைக் குறிக்கும் மரபுத்தொடர் ஆங்கிலத்தில் உண்டாயிற்று.

இன்றைய நெடுஞ்சாலைகளில் இரு பொருளும் மீண்டும் ஒன்றுகூடியிருப்பது சுவையானது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட 'ஃபாஸ்டேக்' என்னும் ஒட்டுவில்லை, கண்ணாடியில் ஒட்டிய இடத்தை விட்டு அசையாது. ஆனால் வண்டியை விரைந்து செல்லவிடும். பெயரிட்டவர் கருதியது விரைவை மட்டுமே எனினும், பழம்பொருளும் அங்கே வந்து ஒட்டிக்கொண்டது.

உண்ணாமையும் உறுதியே

இனி, பாட்டியின் சீட்டில் கண்ட 'ஃபாஸ்டிங்' என்பதை நோக்குவோம். உண்ணாதிருத்தலுக்கும் உறுதிக்கும் என்ன தொடர்பு? ஆங்கிலத்திற்கு உறவான மிகப் பழைய மொழிகளுள் ஒன்று காதிக் மொழி. அதில் 'ஃபாஸ்டன்' என்ற வினைக்குப் 'பற்றிக்கொள்ளுதல், காத்தல், கடைப்பிடித்தல்' என்ற பொருள்களோடு, உண்ணாநோன்பு இருத்தல் என்ற பொருளும் உண்டு. ஒரு நெறியை உறுதியாகக் கடைப்பிடித்தல் என்ற பொதுப்பொருள், சமய வழக்கில் உணவை விலக்கும் நெறி என்று குறுகி நின்றது. இரவெல்லாம் உண்ணாதிருந்த நிலையைக் காலையில் முறிப்பதால் 'பிரேக்ஃபாஸ்ட்' பிறந்தது. ஏகாதசி விரதமிருந்து மறுநாள் துவாதசியில் செய்யும் பாரணையை நம் பாட்டிமார் அறிவர். ஆங்கிலேயரோ இட்லிக்கு ஈடான எதனைக் காலையில் உண்டாலும், நாள்தோறும் பாரணையே செய்கின்றனர்!

தமிழ் இங்கும் ஒத்த வழியில் நடந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. 'நோன்பு' என்ற சொல் 'நோல்' என்னும் வினையடியோடு உறவுடையது. நோற்றல் என்றால் பொறுத்தல். 'நோன்மை' என்ற பழஞ்சொல்லுக்கு வலிமை, பொறை என்பன பொருள். ஆகவே நோன்பு என்பது வயிற்றின் வெறுமையைச் சுட்டிய சொல்லன்று. மனத்தின் வலிமையைச் சுட்டியது. உணவு கிடையாமல் வாடுவதைப் பட்டினி என்கிறோம். கிடைத்தும் உறுதியால் விலக்குவதையே நோன்பு என்கிறோம். காரடையான் நோன்பு நோற்கும் இல்லத்திலும், ரமலானில் நோன்பு திறக்கும் இல்லத்திலும், தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கும் இல்லத்திலும் இப்பொருள் ஒன்றே.

இதனை மெய்ப்பிக்க நம் நாட்டு வரலாறே போதும். 1952-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் வேண்டிச் சென்னையில் உண்ணாநோன்பிருந்து பொட்டி ஸ்ரீராமுலு உயிர் துறந்தார். 1956-ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் நோன்பைத் தொடங்கினார். சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளுள் ஒன்று. இரண்டு திங்களுக்கு மேல் உண்ணாதிருந்து அக்டோபர் 13 அன்று அவர் மறைந்தார். 1969 ஜனவரி 14 அன்று அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. ஆங்கில ஏடுகள் 'ஃபாஸ்ட்' என்று எழுதியது அவ்விருவரும் உண்ணாமையை. அச்சொல்லின் பழைய பொருளாகிய அசையாமையும் அவர்களுக்கே மிகப் பொருந்தியது.

தமிழில் ஓர் இணை

ஒரே சொல்லில் காவலும் விரைவும் வாழும் விந்தை ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதென்று எவரும் எண்ணவேண்டா. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் உரியியல் என்னும் பகுதி உண்டு. ஒரு சொல் பல பொருளுக்கும், பல சொல் ஒரு பொருளுக்கும் உரியவாய் வருதலை விளக்குவது அது. அங்கே 'கடி' என்னும் ஈரெழுத்துச் சொல்லுக்குப் பத்துப் பொருள்கள் முதற்கண் கூறப்படுகின்றன. காப்பு அவற்றுள் ஒன்று, விரைவும் ஒன்று. கூர்மை, புதுமை, சிறப்பு, அச்சம் முதலியன உடன் நிற்கின்றன. 13-ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவரின் நன்னூல் அச்சொல்லுக்குப் பதின்மூன்று பொருள்களை எண்ணுகிறது. பழந்தமிழ் மன்னர் காத்துப் போற்றிய மரம் கடிமரம். அதனைப் பகைவன் வெட்டினால் மன்னனுக்குத் தோல்வி. காவல் மிக்க ஊர் கடிநகர். திருமணம் கடிமணம். நம் பிள்ளைகளோ, 'கடி' என்றால் நாய் கடித்தலையும், நண்பர் கூட்டத்தில் உதிர்க்கும் சுவையற்ற வேடிக்கையையுமே அறிவர்.

'கடு' என்னும் அடிச்சொல்லைப் பாருங்கள். கடுமை என்றால் வன்மை. 'கடுங்காவல்' என்பது நீதிமன்றச் செய்திகளில் நாம் நாள்தோறும் படிக்கும் சொல். அதே அடியிலிருந்து 'கடுகுதல்' என்னும் வினை பிறக்கிறது. அதற்கு விரைதல் என்பது பொருள். இலங்கைத் தமிழர் எக்ஸ்பிரஸ் ரயிலைக் 'கடுகதி' என்றே வழங்குகின்றனர். கடுங்காவலில் இருப்பவன் அசைய முடியாது. கடுகதியில் செல்பவனை எட்ட முடியாது. 'ஃபாஸ்ட்' செய்த வித்தையைக் 'கடு' என்னும் நம் சொல்லும் செய்திருக்கிறது. வன்மையிலிருந்து முனைப்பும், முனைப்பிலிருந்து விரைவும் பிறக்கும் என்பதை, ஒருவரையொருவர் கண்டறியாத இரு மக்கள் கூட்டத்தார் தனித்தனியே உணர்ந்திருக்கின்றனர்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும். ஒலி ஒத்திருப்பவை யாவும் உறவினர் ஆகிவிடா. 'ஃபாஸ்ட்' என்பதற்கு நேர் எதிராய் விருந்தைக் குறிக்கும் 'ஃபீஸ்ட்' என்ற சொல்லைக் கண்டு, இரண்டும் ஒரு தாய் மக்கள் என்று கருதுவோர் உளர். 'ஃபீஸ்ட்' இலத்தீனில் தோன்றிப் பிரெஞ்சின் வழியே வந்த வேற்றுக் குடியினது. அதுபோலவே 'கடிகாரம்' என்பதில் 'கடி' இருப்பதால் அதற்கு விரைவோடு உறவு காணலாகாது. அது வடமொழியில் நாழிகையைக் குறிக்கும் 'கடிகா' என்ற சொல்லின் வழிவந்தது. அகராதியைப் பாராமல் உறவு கொண்டாடுதல் பிழைக்கே இடமாகும்.

நாம் செய்யத்தக்கது

இதுகாறும் கண்டவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. பழஞ்சொல்லின் பல பொருள்கள் தானியக் குவியல்போல் தொடர்பின்றிக் கிடப்பவை அல்ல. அவை ஒரு குடும்பம். மூத்தவர் இன்னாரென்று தெரிந்துவிட்டால் பிள்ளை, பேரன், ஒன்றுவிட்ட உறவு ஆகிய அனைத்தையும் அடையாளம் காணலாம். 'உறுதி' என்ற மூத்த பொருளை அறிந்த பேத்தி, 'ஃபாஸ்டிங்கில் வரவேண்டும்' என்று கேட்டவுடன் சற்றே நின்று, 'விரைவாகவா, உண்ணாமலா?' என்று திருப்பிக் கேட்பாள். அந்த ஒரு வினாவே பாட்டியைக் காத்துவிடும்.

நம் இல்லங்களில் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்கும் பிள்ளைக்கு ஒரு சொல்லை விடையாகக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். 'ஃபாஸ்ட் என்றால் வேகம். போய்ப் படி' என்கிறோம். அதற்கு மாறாக, அகராதியில் அச்சொல்லின் கீழுள்ள பொருள்கள் அனைத்தையும் படிக்கச் செய்து, இவற்றுள் எது முதலில் பிறந்திருக்கும் என்று கேட்போம். பிறகு, இதற்கு நிகராக நம் தமிழில் எச்சொல் இவ்வாறு கிளைத்திருக்கிறது என்று தேடச் சொல்வோம். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இன்று இணையத்திலும் கிடைக்கிறது. அதில் 'கடி', 'பிடி', 'கட்டு', 'விடு', 'படி' முதலிய சிறு சொற்களைப் பிரித்துப் பார்ப்பார்க்கு, ஒவ்வொன்றின் கீழும் ஓர் உலகம் விரியும்.

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் தமிழைச் சமையலறைக்கும் தொலைபேசிக்கும் உரிய மொழியாக மட்டும் எண்ணிவிடுகின்றனர் என்று பெற்றோர் பலர் வருந்துகின்றனர். தமிழ்ப் பற்றைச் சொற்பொழிவால் ஊட்டிவிட முடியாது. ஆனால் பள்ளியில் கற்ற ஆங்கிலச் சொல் ஒன்றின் உள்ளே நுழைந்து, மறுபுறம் தமிழில் வெளிவரும் பிள்ளைக்குத் தன் தாய்மொழி சிறிதாகத் தோன்றாது. தமிழ்ச் சங்கங்களின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் வாரத்திற்கு ஓர் இணை என்று தொடங்கலாம்: ஆங்கிலத்திலிருந்து ஒரு சிறு சொல், அதற்கு ஈடாகத் தமிழிலிருந்து ஒரு சிறு சொல். ஆசிரியருக்கு வேண்டுவது ஒரு கரும்பலகையும் இரண்டு அகராதிகளும் மட்டுமே. பாட்டிமாரும் அவ்வகுப்பில் வந்து அமரட்டும். பாரணையையும் கெட்டிச் சாயத்தையும் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க அவர்களினும் தகுந்தவர் யார்?

முதல் வாரத்திற்கு 'ஃபாஸ்ட்' என்பதையும் 'கடி' என்பதையும் வைத்துக்கொள்ளலாம். அடுத்த வாரத்திற்குரிய இணையைப் பிள்ளைகளே தேடிக்கொண்டு வருவார்கள்.